புறங்கை

சிறுமலை இறக்கத்தில் பதினோராவது வளைவில்
மழை என்னை முந்திக்கொண்டது.
லீவரை இழுத்தேன், இழுத்துக்கொண்டே இருந்தேன்.
ஈர ரிம்மில் ரப்பர் கட்டை
தண்ணீரைத் துடைத்துவிட்டதே தவிர
வேறெதுவும் செய்யவில்லை.
கடைசியில் நிறுத்தியது வாழைத்தோட்டத்து முள்வேலி.
சைக்கிளுக்குக் கீறலில்லை. எனக்கு ஏழு தையல்.

"புதுசு வாங்கு. டிஸ்க்கோடவே வருது,
நீ செய்யப்போற செலவுல பாதிதான்."
ஷிப்ட்டில் கூட வரும் சவரிநாதன் கணக்குப் போட்டான்.
கணக்கு சரி.
ஆனால் நான் ஐந்தடி பதினொன்று.
எந்தக் கடைச் சைக்கிளில் ஏறினாலும்
முழங்கால் ஹேண்டில்பாரை விசாரிக்கும்.
இந்த ஸ்டீல் ஃபிரேம் கீழவெளி வீதியில்
எடைக்குப் போகக் கிடந்தபோது ஏறிப் பார்த்தேன்.
கால் நீண்டது.
அவ்வளவுதான் காரணம்.

எனக்கு ஜங்ஷன் பிட் லைனில் வேலை,
ரயில் பெட்டிகளின் அடிவயிற்றில்.
பழைய நீலப் பெட்டிகளில்
கட்டை வந்து சக்கரத்தின் ஓரத்தைக் கவ்வும்.
சிவப்புப் பெட்டிகளில்
அச்சிலேயே தட்டு, தட்டைக் கிள்ளக் கிடுக்கி.
நீலத்தைச் சிவப்பாக்க ஒருவரும் மெனக்கெடவில்லை.
கழித்து ஓரங்கட்டினார்கள்.
இது தெரிந்துதான்
மகபூப்பாளையத்துக்கு உருட்டிக்கொண்டு போனேன்.

பீரொலிக்கு ஃபிரிட்ஜ் வேலை.
செப்புக் குழாயில் கேஸ் கசியாமல் பித்தளை ஊற்றும் கை.
ஸ்கேல் வைத்தார்: பின்னால் நூற்று முப்பது மில்லி.
புது ஹப் கேட்பது நூற்று முப்பத்தைந்து.
மரையிட்ட கம்பியைக் குறுக்கே கொடுத்து
நட்டைத் திருகினார்.
ஐந்து வேண்டுமென்றால் இருபது இழுக்க வேண்டும்.
மீதியை இரும்பு திருப்பி வாங்கிக்கொள்ளும்.
எங்கோ உள்ளே 'டக்'கென்றது.
இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

பிறகு நூல்.
பின்முனையில் கட்டி, முன்கழுத்தைச் சுற்றி, மறுமுனைக்கு.
நடுக்குழாய்க்கு இந்தப் பக்கம் முப்பத்தொன்று,
அந்தப் பக்கம் முப்பது.
"அது உங்க நூலோட தடிமன்" என்றார்.
நம்பினேன்.

இதுவரை பிரேக் பிடித்தால்
மேல் குழாய் இரண்டும் சுமையைப் பங்கு போட்டன.
இனி எல்லாம் இடதுக்கு.
அதனால் பென்சில் கனத்தில் ஒரு முட்டுக்குழாய்,
அதன் காலடியில் காலிப்பர் உட்காரும் காது.
தீ பட்டதும் சிவப்புப் பெயின்ட் கொப்புளித்தது.
அடியில் பச்சை. பச்சைக்கடியில்,
காது வைக்கக் கோடு போட்ட அதே இடத்தில்,
காசளவு பித்தளை.
யாரோ டைனமோவுக்குப் பிடி வைத்திருக்கிறார்கள்.
வேறு யாரோ அரம் போட்டு ராவியிருக்கிறார்கள்.
என்னவோ எனக்கு மூச்சு விட முடிந்தது.
முதலில் சுட்டவள் நானில்லை.

முன் ஃபோர்க்கை மட்டும் தொட மாட்டேன் என்றார்.
"மெலிசு. அமுக்குனா நாக்கு மாதிரி மடங்கும்.
ரூபா கொடுத்தாலும் வேண்டாம்."
கோயமுத்தூரிலிருந்து கறுப்பு ஃபோர்க் ஒன்று வந்தது,
பொருத்தமில்லாத கால்சட்டை போல.
பழையது அவர் கடை ஆணியில் தொங்குகிறது.
விற்கச் சொல்லவில்லை.
திருப்பிக் கேட்கவும் இல்லை.

ஐப்பசியில் ஒரு சாயங்காலம், நல்ல மழை,
எல்லீஸ் நகர் பாலத்தின் உச்சியிலிருந்து
மிதிக்காமல் விட்டேன்.
கீழே தண்டவாளத்தில் ஒரு நீலப் பெட்டி,
சும்மா நின்றது.
இரண்டு விரல்.
அவ்வளவு சீக்கிரம் நிற்குமென்று
எனக்கே தெரியாது.
பின்னால் வந்த ஷேர் ஆட்டோ கிறீச்சிட்டு ஒடித்துத் திரும்ப,
"சொல்லிட்டு நில்லும்மா!" என்று கத்திவிட்டுப் போனார் டிரைவர்.

ஓரமாய்ச் சாய்த்துவைத்துக் குனிந்தேன்.
பெட்டி வந்து நின்றதும் அச்சுச் சூட்டைப்
புறங்கையால் பார்க்கிற பழக்கம்.
தட்டுக்கருகே கொண்டுபோனேன், தொடவில்லை.
மழைத்துளி விழுந்து 'சுர்' என்றது.
பிறகு ரிம்மைத் தொட்டேன்.
குளிர்ந்து கிடந்தது,
எதுவுமே நடக்காதது போல.